மோட்டார் பட்டறைக்கு ஒரு புது விசிட்டிங் கார்டு

மாமாவின் பட்டறை கோவை கணபதியில் இருக்கிறது. சப்மெர்சிபிள் மோட்டார் ரீவைண்டிங்தான் தொழில், அதாவது எரிந்த காயிலை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது. அன்னூர், அவினாசி, சூலூர் பக்கமிருந்து காயில் எரிந்த மோட்டாரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு விவசாயிகள் வருவார்கள். வேலை முடிந்து போகும்போது மாமா ஒரு அட்டை கொடுப்பார். மேலே பிள்ளையார் சுழி, நடுவில் கடைப் பெயர், கீழே மூன்று போன் எண்கள்.

அந்த மூன்றில் 0422 என்று தொடங்கும் தரைவழி எண்ணை எடுத்துவிட்டுப் பல வருடமாகிறது. இரண்டாவது செல் எண்ணும் இப்போது இல்லை. கொடுப்பதற்கு முன் மாமா பால்பாயின்ட் பேனாவால் இரண்டையும் அடித்துவிட்டுத்தான் கொடுப்பார். பட்டறையில் அப்படி அடிக்க வேண்டிய அட்டை இன்னும் 300க்கு மேல் கட்டுக்கட்டாக இருந்தது.

அட்டையே வேண்டாம், எல்லாவற்றையும் போனிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணி பாயறப்ப மோட்டார் நின்னு போச்சுன்னா விவசாயி மொதல்ல சட்டைப் பையத்தான் தடவுவான். அட்டை கையில இருக்கோணும் மாப்ளே" என்றார். அட்டையின் பின்பக்கத்தை வேறு அவர் ரசீது மாதிரி பயன்படுத்துவார். '7.5 எச்பி, வியாழன் சாயந்திரம்' என்று எழுதிக் கொடுத்தால் அதைக் காட்டித்தான் மோட்டாரை எடுத்துப் போவார்கள். சரி, அட்டை இருக்கட்டும், ஆனால் அதில் அச்சாவது இனி மாறவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு வேலையில் இறங்கினேன்.

ஏற்கெனவே ஒரு தடவை சூடுபட்டிருக்கிறோம். இரண்டு வருடம் முன்பு, இலவசமாக கியூஆர் செய்து தரும் ஒரு தளத்தில் விவரங்களைக் கொடுத்து, வந்த படத்தை வைத்து 500 அட்டை அடித்தோம். கொஞ்ச நாள் நன்றாக வேலை செய்தது. அப்புறம் ஸ்கேன் செய்தால் கடை விவரம் வரவில்லை; 'திட்டத்தைப் புதுப்பிக்கவும்' என்ற பக்கம் வந்தது. அந்தக் கட்டத்துக்குள் மாமாவின் எண் இல்லவே இல்லை. அந்தத் தளத்தின் முகவரிதான் இருந்தது. அவர்கள் வழியாகச் சுற்றித்தான் நம் விவரம் வரும், அவர்கள் கதவை மூடினால் 500 அட்டையும் வீண். இதற்குப் பெயர் டைனமிக் கியூஆர். அந்த ஏற்பாடு கெட்டதல்ல, நடுவில் நிற்கும் முகவரி நம்முடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது, மாமாவின் காசு போனது.

கட்டத்துக்குள் எவ்வளவு அடங்கும்

இந்தத் தடவை யாரையும் நம்பாமல் விவரம் முழுவதையும் கியூஆருக்குள்ளேயே திணித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். அதற்கென்றே வி-கார்டு என்ற வடிவம் இருக்கிறது. பெயர், நிறுவனம், எண், முகவரி எல்லாம் வரிவரியாக வரும் சாதாரண எழுத்துக் கோப்பு. ஸ்கேன் செய்தவுடன் 'தொடர்பைச் சேமிக்கவா' என்று போனே கேட்கும், இணையம்கூட வேண்டாம்.

இங்கே தமிழ் ஒரு கணக்கை முன்னால் வைத்தது. கணினியில் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'மோட்டார்' என்ற சொல் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது ம, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, கால், ர, புள்ளி என்று எட்டு, மொத்தம் 24 பைட். அதே சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்தால் 5 பைட்டில் முடிந்துவிடும்.

மாமாவின் பெயர், கடைப் பெயர், தெரு, ஊர், இரண்டு எண்கள், 'ஆழ்துளைக் கிணறு மோட்டார் ரீவைண்டிங்' என்று ஒரு குறிப்பு. எல்லாம் சேர்ந்து 400 பைட்டை எட்டிவிட்டது. கொஞ்சம் சேதமானாலும் மீட்டுப் படிக்க உதவுவது பிழைதிருத்தம். நடுத்தரப் பிழைதிருத்தத்தோடு அது அடங்க வேண்டுமென்றால் கியூஆரில் 15ஆம் அளவு தேவை, அதாவது பக்கத்துக்கு 77 கட்டம். சுற்றிலும் 4 கட்டம் அளவுக்கு வெள்ளை விட வேண்டும் என்பது விதி, ஆக 85. அட்டையில் எனக்குக் கிடைத்த இடம் 20 மில்லிமீட்டர். ஒரு கட்டத்துக்குக் கால் மில்லிமீட்டர்கூடத் தேறவில்லை. வீட்டு பிரிண்டரில் அடித்துப் பார்த்ததில் என் போன் படித்தது. பட்டறையில் வேலை செய்யும் தம்பியின் போனில் கேமரா கண்ணாடி கீறியிருந்தது, அது திணறியது. வருகிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த மாதிரி போன்தான். அதனால் இந்த வழியைக் கைவிட்டேன்.

பிறகு, விவரத்தை ஓர் இணையப் பக்கத்தில் வைத்து, கியூஆருக்குள் அதன் முகவரியை மட்டும் வைக்கலாம் என்று சொந்தமாக ஒரு .இன் இணைய முகவரி வாங்கினேன். ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே பணம் கட்டினேன். புதுப்பிக்க வேண்டிய தேதியை மாமாவின் கணக்கு நோட்டில், ஆயுத பூஜை சாமான் பட்டியல் எழுதும் பக்கத்தின் தலையில் எழுதி வைத்தேன். அந்தப் பக்கத்தை அவர் வருடம் தவறாமல் திறப்பார். இணையப் பக்கத்தை, அதற்கு இடம் தரும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் வைத்தேன், அதற்குக் கட்டணம் இல்லை. நாளைக்கு வேறு இடத்துக்கு மாற்றினாலும் முகவரி நம்முடையதுதான், அட்டையைத் தொட வேண்டாம்.

முகவரி 'எச்டிடிபிஎஸ்' முதல் 'இன்' வரை 27 எழுத்து. இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் கொடுத்தால் கியூஆர் அதை வேறு முறையில் சேமிக்கும்: இரண்டு எழுத்துக்கு 11 பிட் போதும், இடம் மிச்சம். தளத்தின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. ஆனால் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு எழுதும் பகுதிக்கு அந்த வித்தியாசம் உண்டு. அதனால் சாய்கோடே வராமல் வெறும் பெயரை மட்டும் வைத்தேன். இப்போது பக்கத்துக்கு 29 கட்டமே உள்ள 3ஆம் அளவில், எச் என்ற உச்சப் பிழைதிருத்தத்தோடே அடங்கிவிட்டது. சுமார் 30 சதவீதம் சேதமானாலும் மீட்டுப் படிக்கும் அளவு அது. அதே 20 மில்லிமீட்டரில் ஒரு கட்டம் அரை மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது, முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

கியூஆர் 1994இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹாரா தலைமையில் உருவானது, கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க. அழுக்கும் எண்ணெயும் படும் இடத்துக்கு என்று யோசித்ததால்தான் இந்தப் பிழைதிருத்தம் அதற்குள் வந்தது. ஒரு மோட்டார் பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமானது எது? அச்சுக்கு அனுப்பும் முன் மாதிரித் தாளில் கிரீஸ் விரலால் ஒரு இழுப்பு, மூலையில் ஒரு சொட்டு வார்னிஷ் என்று நானே போட்டுப் பார்த்தேன். தம்பியின் கீறல் விழுந்த கேமராவும் படித்தது. மூலையில் இருக்கும் மூன்று பெரிய சதுரங்களில் ஒன்றை முழுதாக மறைத்தபோது மட்டும் படிக்கவில்லை. கியூஆரின் இடத்தையே போன் அந்தச் சதுரங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது, பிழைதிருத்தத்தின் கணக்கில் அவை சேராது. அதனால் அட்டையைப் பிடிக்கும்போது கட்டைவிரல் படாத பக்கத்தில் கியூஆரை வைத்தேன்.

இனிஷியலும் குடும்பப் பெயரும்

இணையப் பக்கத்தில் நான்கே பொத்தான்: அழைக்க, வாட்ஸ்அப், வழி, எண்ணைச் சேமிக்க. சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் வி-கார்டு கோப்பு இறங்கும். எழுத்துரு, படம் எதுவும் சேர்க்கவில்லை, தோட்டத்தில் ஒரு கோடு சிக்னலில் திறக்க வேண்டும். வாட்ஸ்அப் இணைப்பில் எண்ணுக்கு முன் 91 மட்டும் போட வேண்டும். கூட்டல் குறியோ முன்னால் ஒரு சைபரோ வந்தால் சரியாகப் போகாது.

நான் அதிக நேரம் செலவழித்தது பெயரில்தான். வி-கார்டில் பெயருக்கு இரண்டு வரி உண்டு. ஒன்று 'எப்என்', பெயரை அப்படியே காட்ட. இன்னொன்று 'என்', அதில் ஐந்து அறைகள்: முதலில் குடும்பப் பெயர், அடுத்து சொந்தப் பெயர், பிறகு நடுப்பெயர், முன்னொட்டு, பின்னொட்டு. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? மாமாவுக்கு இருப்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. அதைக் குடும்பப் பெயர் அறையில் போட்டேன். ஆண்ட்ராய்டில் ஒழுங்காக வந்தது. ஐபோனில் பெயர் முன்னால், இனிஷியல் பின்னால் என்று திருப்பிக் காட்டியது. பட்டியலிலும் இனிஷியலின் எழுத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. 'எப்என்' வரி சரியாகத்தான் இருந்தது, ஆனால் ஐபோன் 'என்' அறைகளிலிருந்தே பெயரைக் கோக்கிறது.

கடைசியில் குடும்பப் பெயர் அறையைக் காலியாக விட்டு, இனிஷியலையும் பெயரையும் சேர்த்து சொந்தப் பெயர் அறையிலேயே வைத்தேன். இரண்டு போனிலும் ஒரே மாதிரி வந்தது. பட்டியலில் இனிஷியல் எழுத்தில் நிற்பது மட்டும் போகவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்கள் எப்படிச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் சிலரிடமே கேட்டேன். ஒருவரிடம் 'மோட்டார் அண்ணன்', இன்னொருவரிடம் 'ரீவைண்டிங் கணபதி'. மாமாவின் பெயரை ஒருவரும் போட்டிருக்கவில்லை. அவசரத்தில் தேடுவது தொழிலைத்தான். எனவே இனிஷியலை எடுத்துவிட்டு 'மோட்டார் ரீவைண்டிங்' என்று தொடங்கி, பின்னால் மாமாவின் பெயர் வருமாறு மாற்றினேன். நிறுவன வரியில் ஆங்கில எழுத்திலும் கடைப் பெயரைக் கொடுத்தேன், ஆங்கிலத்தில் தட்டித் தேடுகிறவர்களுக்காக.

இன்னொரு இடத்திலும் தமிழ் உடைந்தது. வி-கார்டில் ஒரு வரி 75 பைட்டைத் தாண்டினால் மடித்து அடுத்த வரியில் தொடர வேண்டும். நான் எழுதிய சின்ன நிரல் கண்ணை மூடிக்கொண்டு 75இல் வெட்டியது. மூன்று பைட் கொண்ட தமிழ்க் குறியீட்டின் நடுவிலேயே வெட்டு விழுந்து, 'கிணறு' என்ற சொல்லில் 'ண' இருந்த இடத்தில் கேள்விக்குறி வைரம் வந்து நின்றது. குறியீட்டின் எல்லை பார்த்து மடிக்குமாறு திருத்தினேன். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது. முகவரியில் வரும் காற்புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடு போடுவதையும் மறக்க வேண்டாம்.

அச்சகத்தில்

பழைய அட்டையின் கோரல்டிரா கோப்பு அச்சகத்தில் இருந்தது. அதிலிருந்து முகவரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது, யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில் அடித்திருந்தார்கள். எல்லாவற்றையும் புதிதாகத் தட்டினேன்.

வடிவமைத்த அண்ணன் கியூஆருக்கும் கடைப் பெயரின் கருநீலத்தையே கொடுத்திருந்தார். பார்க்க அழகுதான். ஆனால் நான்கு வண்ணத்தில் கருநீலம் என்றால் ஒன்றுக்கும் மேற்பட்ட தட்டு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், ரெஜிஸ்டர், அதாவது தட்டுகளின் பொருத்தம், ஒரு முடி விலகினாலும் கட்டத்தின் ஓரம் மங்கும். கறுப்புத் தட்டில் மட்டும் 100 சதவீதம் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கியூஆரை படமாக இல்லாமல், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் மங்காத வெக்டராகவே கொடுத்தேன். 90க்கு 54 மில்லிமீட்டர், 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. லேமினேஷன் முன்பக்கம் மட்டும், அதுவும் மேட். பளபள லேமினேஷனில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்தால் கேமராவுக்குத் தொல்லை. பின்பக்கத்தை வெறுமையாக விட்டோம், மாமா பேனாவில் எழுத வேண்டுமே. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்காக ஒரே ஒரு செல் எண்ணைப் பெரிதாகப் போட்டோம். அந்த எண்ணை இனி மாற்ற மாட்டேன் என்று மாமா வாக்குக் கொடுத்த பிறகுதான் அச்சுக்கு அனுப்பினேன்.

ஆயிரம் அட்டைக்கு முன் பத்து மட்டும் டிஜிட்டலில் அடித்து, கடைக்கு வந்தவர்களிடம் கொடுத்துப் பார்த்தோம். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் பெரிய தவறாகியிருக்கும். பத்துப் பேரில் ஆறு பேர் பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து அதில் ஸ்கேன் செய்தார்கள்! டீக்கடை முதல் உழவர் சந்தை வரை கியூஆர் என்றாலே பணம் என்று பழகிவிட்டது. செல்லாத கியூஆர் என்று வந்ததும் அட்டை சரியில்லை என்று திருப்பி நீட்டினார்கள். வயதான ஒருவர், "ஏனுங்க, இத அமுக்குனா என் கணக்குல காசு போயிருமுங்களா?" என்று கேட்டார். நியாயமான பயம். கியூஆரை வைத்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கும் காலம் இது. மேலே ஒரு போன் படம், கீழே 'எண்ணைச் சேமிக்க மட்டும். போன் கேமராவில் காட்டவும். பணத்துக்கு அல்ல' என்று மூன்று சின்ன வாக்கியம் சேர்த்தோம். போய்ச் சேரும் முகவரியையும் படிக்கும்படி அடியில் அச்சிட்டோம். திரையில் வருவதும் அட்டையில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளலாம். அடுத்த பத்தில் ஒருவர்தான் பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்தார்.

என்எப்சி பார்த்த கதை

கொடிசியா வளாகத்தில் நடக்கும் கண்காட்சிகளுக்கு மாமா போவார். அங்கே பம்பு கம்பெனிக்காரர்கள், டீலர்கள் என்று பார்க்கிறவர்களுக்குக் காட்ட, போனை அருகில் கொண்டு போய்த் தொட்டால் போதும் என்ற மாதிரி ஓர் என்எப்சி அட்டை செய்யலாம் என்று தோன்றியது. ஏடிஎம் கார்டு அளவில் என்டேக் 213 என்ற என்எப்சி சில்லு வைத்த வெள்ளை அட்டை ஐந்து வாங்கினேன். அதில் நமக்குக் கிடைப்பது 144 பைட்தான், ஆனால் முகவரி மட்டும் எழுத அது தாராளம். வி-கார்டையே எழுதினால் ஆண்ட்ராய்டு ஏற்றுக்கொள்ளும். ஐபோன் தானாகப் படித்துத் திறப்பது இணைப்பு மாதிரியானவற்றைத்தான், அதுவும் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்கள் தொடங்கி வந்தவற்றில். ஆகவே இங்கும் அதே முகவரி. போனில் ஓர் ஆப் வைத்தே எழுதிவிடலாம், ஒரு நிமிட வேலை. எழுதி முடித்ததும் பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பூட்டினால் திறக்கவே முடியாது என்பதால் இரண்டு மூன்று போனில் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். எனக்கு ஓர் எழுத்துப் பிழையால் ஓர் அட்டை போனது.

அட்டையோடு ஒட்டும் வகையிலும் நான்கு வாங்கியிருந்தேன். விவசாயியின் ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே ஒட்டிவிடலாம் என்பது யோசனை. மோட்டார் நின்றால் முதலில் போய் நிற்கும் இடம் அதுதானே. பட்டறையில் கிடந்த ஒரு பெட்டியில் ஒட்டிப் போனைக் காட்டினேன். அசைவே இல்லை. உரித்து மரப் பலகையில் ஒட்டினேன், உடனே படித்தது.

என்எப்சி 13.56 மெகாஹெர்ட்சில் மாறும் காந்தப் புலத்தால் வேலை செய்கிறது. பின்னால் இரும்புத் தகடு இருந்தால் அதில் எட்டி கரன்ட், அதாவது சுழல் மின்னோட்டம், உண்டாகி அந்தப் புலத்தையே அடித்துவிடும். இதை நான் மாமாவுக்கு எப்படி விளக்குவது என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். எட்டி கரன்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் கையிலிருந்த ஸ்டேட்டரை, அதாவது மோட்டாரின் சுழலாத இரும்புப் பகுதியை, திருப்பிக் காட்டினார். "இதுக்குத்தான கண்ணு ஸ்டாம்பிங்க ஒத்தக் கட்டியா போடாம தகடு தகடா அடுக்கறோம்?" அதேதான். தகடுகளுக்கு நடுவில் காப்புப் பூச்சு இருப்பதால் அங்கே சுழல் மின்னோட்டம் பெரிதாக வளர முடியாது. நாற்பது வருடமாக அவர் கையில் புரளும் விஷயம், நான் ஒரு வாரமாகப் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவரோடு உட்கார்ந்து பேசியது இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த அரை மணி நேரம்.

உலோகத்தின் மேல் ஒட்டுவதற்கென்றே காந்தப் புலத்தைத் தகட்டில் படாமல் தடுக்கும் பெரைட் அடுக்கைப் பின்னால் வைத்த வகை கிடைக்கிறது. விலை கூடுதல். அதைவிட, எங்களிடம் வருகிறவர்களின் போன்களில் என்எப்சி இருப்பதே குறைவு. எனவே தொடும் அட்டை மாமாவின் சட்டைப் பையோடு நின்றது, ஸ்டார்ட்டர் பெட்டிக்கு கியூஆர் ஸ்டிக்கரே போதும் என்று முடிவானது. வெயிலும் மழையும் படும் என்பதால் காகிதம் வேண்டாம், வினைல். தூரத்திலிருந்து காட்ட வசதியாக 50 மில்லிமீட்டரில் ஒன்று, ஷீட்டில் மிஞ்சிய இடத்தில் 20 மில்லிமீட்டரில் சின்னதாகக் கொஞ்சம்.

ஒரு குறை இருக்கிறது. ஏற்கெனவே எண்ணைச் சேமித்தவர் போனில் இருப்பது நகல். நாளைக்கு நான் பக்கத்தில் எதை மாற்றினாலும் அந்த நகல் மாறாது, அவர் மறுபடி ஸ்கேன் செய்தால்தான் உண்டு. அதனால் பக்கத்தின் முகவரியையும் வி-கார்டுக்குள் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன்.

போன வாரம் பட்டறைக்குப் போனபோது மேஜையில் பழைய அட்டைக் கட்டு பிரிந்து கிடந்தது. மாமா அந்தச் சின்ன ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்து, பேனாவால் அடிக்க வேண்டிய இரண்டு எண்களின் மேல் சரியாகப் பொருந்துமாறு ஒட்டிக்கொண்டிருந்தார். 300 அட்டையில் பாதி முடிந்திருந்தது. மீதிக்கு ஸ்டிக்கர் போதாது, இன்னும் ஒரு ஷீட் அடித்து வா என்றார்.